பௌனே தோ என்றால் பதினான்கு நூல்

நாற்பது வயது ஆள் ஒருவர் சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டியடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பார்த்தேன். தாராவியில் நாங்கள் குடியிருந்த சாலில், ஒரே வரிசையில் பத்துக் குடும்பம், பத்துக்கும் சேர்த்து ஒரு நீள நடை, நடையின் கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய். அந்த நடையில் ஷஹாபாத் கல் பாவியிருந்தது. குழாயடியிலிருந்து அவர் வீட்டு வாசல் வரை சரியாகப் பன்னிரண்டு கல். அந்தப் பன்னிரண்டு கல்லையும் அவர் ஓர் அடி ஸ்கேலாக்கிவிட்டார். ஒரு கல் ஒரு இஞ்ச். ஒவ்வொரு கல்லையும் சாக்பீஸால் நான்காகக் கோடு போட்டுப் பிரித்திருப்பார். அவர் மகள் செல்வி வாசற்படியில் உட்கார்ந்து இந்தியில் கத்துவாள்.

"சவா தீன்!"

மூன்றேகால். மூன்றாவது கல்லின் முடிவில் குதித்து, கால் கல் முன்னால் தத்த வேண்டும்.

"சாடே பாஞ்ச்!"

ஐந்தில் நின்று அரைக் கல் முன்னால்.

"பௌனே சாத்!"

இங்கேதான் எல்லோரும் விழுவோம். ஏழுக்குப் போய், கால் கல் பின்னால் வர வேண்டும். முன்னால் ஓடி வந்த வேகத்தில் ஒற்றைக் காலில் பின்னால் தத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்துக்கொள்வார். சுவரைப் பிடித்தால் அவுட். அவரே கொண்டுவந்த சட்டம், அவரே முதலில் அவுட்டாவார்.

"எண்ணே, பிள்ளையளுக்குச் சமமா நீங்களும் ஆடுதியளே, இடுப்பு என்னத்துக்கு ஆவும்?" என்று குடத்தோடு போகிற என் அம்மா கேட்பாள்.

"கணக்குப் படிக்கட்டும்னு பாக்கேன், தங்கச்சி. இந்தப் பிள்ளையளுக்குக் கணக்கு ஏற மாட்டேங்கு."

அதுதான் அவர் எல்லோரிடமும் சொன்னது. உண்மை வேறு. கணக்குப் படிக்க வேண்டியிருந்தது அவருக்கு.

குர்லா பக்கம் ஒரு பெரிய பட்டறையில் அவர் கலாசி. பாரம் தூக்குகிற வேலை. கலாசியாக இருக்கிறவர் ஃபிட்டர் ஆக வேண்டுமானால் டிரேட் டெஸ்ட் எழுத வேண்டும். மூன்று தடவைதான் உட்கார விடுவார்கள். அவர் இரண்டு தடவை தோற்றிருந்தார். போன மழைக்காலத்தில் ஓர் இரும்புச் சட்டத்தைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் பாயில் கிடந்தார். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஃபிட்டர் ஆனால் அரமும் ஸ்கேலும் பிடித்து நின்றுகொண்டே வேலை பார்க்கலாம். ஆகாவிட்டால் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு ஊருக்கு ரயில் ஏற வேண்டும். மூன்றாவது டெஸ்ட் தீபாவளி கழிந்து வரப்போகிறது. நான் சொல்லப்போகிற விளையாட்டெல்லாம் அதற்கு முந்திய ஐந்தாறு மாதத்தில் நடந்தவை. இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குப் பத்து வயது. நான் வகுப்பில் முதல். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் அளவு சொல்வது நூலில். ஊரில் கொத்தனாரும் ஆசாரியும் சொல்கிற நூல்தான். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். பம்பாய்ப் பட்டறைகளிலும் அதே நூல்தான், பெயர் மட்டும் 'சூத்'. உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு நூல்தான். செல்வியை வாசல் நிலையில் சாய்த்து நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, "போன சித்திரைக்கு இப்ப பதினெட்டு நூல் வளந்திருக்கா" என்பார். அப்புறம் ஒரு கணம் மேலே பார்த்து, விரலை மடக்கி, "ரெண்டேகால் இஞ்ச்" என்பார்.

தோசையிலும் நூல். இதை வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் அவசியம் செய்து பார்க்க வேண்டும். கல்லிலிருந்து எடுத்த தோசையை அவர் இரண்டாக மடிப்பார். அதையே இன்னொரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிரித்தால் எட்டுப் பங்கு. ஒரு பங்கு ஒரு நூல். "எனக்கு வேணும்" என்று பொதுவாகச் சொன்னால் தோசை கிடைக்காது. எத்தனை நூல் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, மிச்சம் எத்தனை நூல், அது அரைத் தோசைக்குக் கூடவா குறையவா என்றும் சொல்ல வேண்டும். அத்தைக்கு, அதாவது அவர் மனைவிக்கு, இதில் பெரிய வருத்தம்.

"தோசையில நூல் கெடந்தா மனுசன் திம்பானா? எங்கயாவது இந்தக் கூத்து உண்டா?"

"நீ சுடு. நாங்க அளக்கோம்."

செல்வியின் தம்பி மணிக்கு ஆறு வயது. அவன் ஒரு நாள் தட்டை நீட்டி, "எனக்கு ஒம்போது நூல்" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தோசையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "ஒரு தோசைக்கு எட்டுதான் மக்கா. ஒம்போதுன்னா… ஒரு தோசை, அடுத்த தோசையில ஒரு நூல். ஒண்ணே அரைக்கால். ஏளா, இன்னொண்ணு ஊத்து, பிள்ள சரியாத்தான் கேட்டிருக்கான்!" என்றார். மணி அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒன்பது நூலுக்குக் குறைந்து எதையும் கேட்கவில்லை.

நான் இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு அடக்கம் கிடையாது. கேள்வி காதில் விழுந்ததும் விடை வாயில் வந்துவிடும். அவர் கேள்வி கேட்டுவிட்டு, தானும் மெதுவாக விரலை மடக்க ஆரம்பிப்பார். சுண்டு விரல்கூட மடங்கியிருக்காது. நான் கத்திவிடுவேன். அவர் மடக்கின விரலை நிமிர்த்திக்கொண்டு, "ஏ எக்ஸ்பிரஸ், கொஞ்சம் நில்லுட்டி. நான் லோக்கல் வண்டி. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் வரணும்" என்பார். எனக்கு அது பாராட்டாகத் தோன்றும். அடுத்த கேள்விக்கு இன்னும் வேகமாகக் கத்துவேன்.

செல்வியோ நேர்மாறு. அவளும் என் வகுப்புதான். பள்ளிக்கூடத்தில் ஓரளவு ஒழுங்காகப் போடுகிறவள், அப்பா முன்னால் மட்டும் தப்புத் தப்பாகச் சொல்வாள். "பௌனே சார்னா எத்தனட்டி?" என்று கேட்டால் கண்ணை உருட்டிக்கொண்டு, "நாலே முக்கால்" என்பாள். அவர் யோசிப்பார். "நாலே முக்காலா? இல்லியே… கால் கொறையணும்லா? மூணே முக்கால்ட்டி!" என்பார். அவர் முகம் அப்போது நன்றாக இருக்கும். செல்வி மண்டையில் தட்டிக்கொள்வாள். எனக்கு அவளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

ஆடி மாதத்து மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடையில் ஆட முடியாது. அவர்கள் வீட்டுக் கூரைத் தகரத்தில் ஓட்டை. கீழே ஒரு செம்பை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலானால் அதைப் பார்த்து அழுதிருப்போம். அவர் அலாரம் கடிகாரத்தை எடுத்துச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாலு நிமிசத்துல கால் செம்பு நெறஞ்சிருக்கு. முழுச் செம்பு எப்ப நெறையும்? பந்தயம் ஆளுக்குப் பத்துக் கடலை."

"பதினாறு நிமிஷம்!" நான்தான்.

"இருபது," என்றாள் செல்வி.

"ஒம்போது," என்றான் மணி.

அவர் சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எக்ஸ்பிரஸ் சொன்னது கணக்குக்குச் சரி. ஆனா மழை கணக்குப் படிச்சிருக்கான்னு பாப்பம்."

எல்லோரும் செம்பைச் சுற்றிக் குப்புறப் படுத்துக்கொண்டோம். அரைச் செம்பு எட்டு நிமிஷத்தில் சரியாக வந்தது. நான் அவித்த கடலைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினேன். அதற்குப் பிறகு மழை சோம்பிவிட்டது. சொட்டு, பிறகு ஒரு மூச்சு, பிறகு சொட்டு. செம்பு நிரம்பியபோது பத்தொன்பது நிமிஷம். செல்விக்குக் கிட்டத்தில் வந்தது என்று கடலை முழுக்க அவளுக்குப் போனது. நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். கணக்கு சரியாக இருந்தும் தோற்கலாம் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

'பௌனே' கதைக்கு வருகிறேன். இதை அத்தைதான் மூன்றாவது டெஸ்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால் என் அம்மாவிடம் சொன்னாள்.

இந்திக்காரர் 'பௌன்' என்றால் முக்கால். 'தோ' என்றால் இரண்டு. அப்படியானால் 'பௌனே தோ' எத்தனை? தமிழ் நாக்கு உள்ளவர் யாரும் இரண்டே முக்கால் என்றுதான் சொல்வார். நம் மொழியில் முக்கால் எப்போதும் கூடத்தான் சேரும். அவர்கள் மொழியில் அது இரண்டுக்குக் கால் குறைய. ஒன்றே முக்கால்! அவர் பன்னிரண்டு வருஷம் பம்பாயில் இருந்தும் இது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. பட்டறையில் அவர் ஒரு நாகர்கோவில்காரரின் கையாளாகத்தான் இருந்தார். அந்த மனிதர் எல்லா அளவையும் தமிழில் நூலாகச் சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெற்றுப் போனதும், அளவு முழுக்க இந்தியில் வர ஆரம்பித்தது.

முதலில் அது சிரிப்பாகத்தான் முடிந்தது. கூட வேலை பார்க்கிற மராட்டிக்காரர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். முகூர்த்தம் 'பௌனே நௌ' மணிக்கு. இவர் ஒன்பதே முக்கால் என்று எடுத்துக்கொண்டு, அத்தையைப் பட்டுச் சேலை கட்டச் சொல்லி, பிள்ளைகளோடு ஒன்பதரைக்கே போய் இறங்கினார். சீக்கிரம் வந்துவிட்டோம் என்ற பெருமை வேறு. உள்ளே முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மாலையைக் கழற்றிவிட்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நேரத்தைத் தப்பாகக் காதில் வாங்கிவிட்டோம் என்றுதான் அவர் அப்போது நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது சிரிப்பாக முடியவில்லை. முதல் டிரேட் டெஸ்டில் ஒரு பட்டை இரும்பைக் கொடுத்து, பரீட்சை வைக்கிறவர், "பௌனே தோ இஞ்ச்" என்றார். இவர் இரண்டே முக்கால் இஞ்சுக்கு வெட்டி, மூன்று மணி நேரம் அரம் போட்டு ராவிக் கொண்டுபோய்க் கொடுத்தார். விளிம்பு கண்ணாடி மாதிரி இருந்ததாம். நான்கு மூலையும் மட்டத்துக்கு நின்றதாம். பரீட்சை வைத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான தப்பை நான் பார்த்ததே இல்லை என்றாராம். ஒரு இஞ்ச் கூடுதல். மயிரிழைகூடப் பிசகாத ஒரு இஞ்ச் கூடுதல். அன்றிலிருந்து பட்டறையில் அவருக்குப் பெயரே 'பௌனே தோ'. "ஏ பௌனே தோ, இதர் ஆவ்!" என்றுதான் கூப்பிடுவார்களாம். பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்த மனிதருக்கு அதற்கு முன் இருந்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது.

இரண்டாவது டெஸ்டில் தாளில் விழுந்தார். எட்டில் மூன்றோடு பதினாறில் ஐந்தைக் கூட்டு என்று கேட்டிருந்தார்கள். மேலே இருக்கிற மூன்றையும் ஐந்தையும் கூட்டினார், கீழே இருக்கிற எட்டையும் பதினாறையும் கூட்டினார். இருபத்துநாலில் எட்டு என்று எழுதிவிட்டு வந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர் வேறென்ன செய்வார்?

அத்தை இதைச் சொல்லும்போது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. செல்வி குழாயடியில் வைத்து என்னைப் பிடித்துவிட்டாள்.

காலையில் தண்ணீருக்கு வரிசை நின்றுகொண்டிருந்தோம். நான் வழக்கம்போல் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். முந்திய நாள் அவர் கேட்ட பதினோரு கேள்விக்கும் நான்தான் முதலில் சொன்னேன் என்று.

செல்வி குடத்தை டங்கென்று கீழே வைத்தாள். "நீ கொஞ்சம் வாய மூடிட்டு இருக்க மாட்டியாட்டி?"

"ஏன், ஒனக்குப் பொறாமையா?"

"எனக்கு என்னத்துக்குப் பொறாம? எங்கப்பாவுக்குப் பரீச்சட்டி. அவுக படிக்கத்தான் இவ்வளவு வெளையாட்டும். நீ முன்னால கத்திட்டா அவுக எப்படிப் படிப்பாக?"

எனக்குப் புரியவில்லை. அவருக்கா? பெரியவருக்கா?

"இந்தத் தடவையும் தோத்துட்டா ஊருக்குப் போயிரணும்னு அம்மா சொல்லுதா. அங்கன போனா எனக்குப் படிப்பு அம்புட்டுதான்."

"அப்ப நீ தெனமும் தப்புத் தப்பா…"

"வேணும்னுதான் சொல்லுதேன். நான் தப்பாச் சொன்னாத்தான் அவுக சரியாச் சொல்ல முடியும். பள்ளிக்கூடத்துல என் நோட்டைப் பாத்திருக்கேல்லா? பௌனே எனக்குத் தெரியாதாட்டி? நானும் இந்தத் தாராவியிலதான பொறந்தேன்!"

"மாமாவுக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியும்னு?"

"தெரிஞ்சா வெக்கப்பட்டுப் பேசாம படுத்துருவாக. மணிக்குக்கூடத் தெரியும். ஒனக்கு மட்டுந்தான் தெரியாது."

எனக்கு மட்டும்தான் தெரியாது! வகுப்பில் முதல் என்று திரிந்த எனக்கு! ஆறு வயது மணிக்குத் தெரிந்திருக்கிறது. அவன் ஒன்பது நூல் கேட்டதுகூட வேண்டுமென்றுதானோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அன்று சாயங்காலத்திலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன். எழுதுவதற்கு இது ஒரு வரி. செய்து பார்த்தால் தெரியும். விடை நாக்கு நுனியில் வந்து நிற்கும். அவர் சுண்டு விரலை மடக்குவார். மோதிர விரலை மடக்குவார். நடுவில் யாராவது குடத்தோடு வந்தால் ஒதுங்கி வழி விடுவார், மடக்கின விரல் எது என்று மறந்துவிடும், மறுபடி சுண்டு விரல். நான் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் காயும் துணிகளை எண்ணுவேன்.

"என்ன எக்ஸ்பிரஸ், சிக்னல் விழலையா?" என்று கேட்டார் இரண்டாவது நாள்.

"தொண்ட கட்டியிருக்கு மாமா."

பௌனே அவருக்கு மெல்ல மெல்ல வந்துவிட்டது. உடம்பே கற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். குதித்ததும் கால் தானாகப் பின்னால் போனது. "பௌனே தோன்னா பதினாலு நூல். இனி செத்தாலும் மறக்காது" என்பார். ஆனால் தாள்? தாளில் மேலே ஒன்று கீழே ஒன்று எழுதி நடுவில் கோடு போட்டால் அவர் கண் இன்னும் மிரண்டுகொண்டுதான் இருந்தது. டெஸ்டுக்குப் பத்து நாள் இருந்தது. செல்வி தப்பாகச் சொல்வதால் மட்டும் இது ஆகாது என்று எனக்குத் தோன்றியது.

என் பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். என் ஆயுளில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"மாமா, டீச்சர் ஒரு கணக்குக் குடுத்திருக்காங்க. எனக்குப் புரியல."

"ஒனக்கா?" அவர் நோட்டை வாங்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

"நெசமாத்தான் மாமா. எட்டில் மூணும் பதினாறில் அஞ்சும். கூட்டணும்."

அந்தக் கணக்கைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. உள்ளே ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்திவிட்டாள். அவர் படியில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"மேல உள்ளதையும் கீழ உள்ளதையும் கூட்டிர வேண்டியதுதான?" என்றார் மெதுவாக.

எனக்கு வாய் துறுதுறுத்தது. "கூட்டினேன் மாமா. இருபத்துநாலில் எட்டு வந்துச்சு. சரியான்னுதான் தெரியல."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் அந்த எட்டின் மேல் நின்றது. "இது கீழ எட்டு… எட்டுன்னா, ஒரு இஞ்ச எட்டாப் பிரிச்சது. அதுல மூணு. அட! இது மூணு நூலுட்டி!"

நான் துணிகளை எண்ணினேன்.

"அப்ப பதினாறுன்னா அரை நூல். அஞ்சு அரை நூல்… ரெண்டரை நூல். மூணும் ரெண்டரையும் அஞ்சரை நூல்!" குரல் ஏறிக்கொண்டே போனது. "நீ எழுதியிருக்கத பாரு. இருபத்துநாலுல எட்டு. இஞ்சுல மூணுல ஒரு பங்குதான வருது? மூணு நூல்கூட இல்ல. மூணு நூலோட இன்னும் கொஞ்சம் சேத்தா மூணு நூலுக்குக் கொறையுமாட்டி? கூட்டினா கொறையுமா?"

"கொறையாது மாமா."

"அஞ்சரை நூல். பதினாறுல சொன்னா பதினொண்ணு. பதினாறில் பதினொண்ணு! எழுது. புரிஞ்சுதா ஒனக்கு?"

"இப்பத்தான் புரிஞ்சுது மாமா" என்றேன். அதில் பாதிதான் பொய். எனக்கு அந்தக் கணக்கைப் போடத் தெரியும். கூட்டினால் குறையக் கூடாது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. மறுநாள் நான் புரியாமல் கொண்டுபோன கணக்குகள் ஆறு. அதற்கு மறுநாள் பன்னிரண்டு. என் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது, மகளுக்கு மூளை மழுங்கிவிட்டதென்று.

டெஸ்டுக்குப் போய் வந்த அன்று அவர் எதுவும் பேசவில்லை. செல்வி கண்ணைக் காட்டினாள். நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் எங்களுக்குத் தெரியும் என்று ஆகிவிடுமே. எட்டு நாள் அப்படியே போனது. செல்வி என்னோடு பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது ஊர் ரயிலைப் பற்றியே பேசினாள். எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே சாப்பாடு வரும் என்றெல்லாம்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. பட்டறைக்கு அரை நாள். மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் நடையில் வருவது தெரிந்ததும், நாங்கள் மூன்று பேரும் வேகமாகப் பல்லாங்குழியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆடுகிற மாதிரி பாவனை பண்ணினோம். மணி முத்துகளை வாயில் போட்டுக்கொண்டான். அத்தை வாசலில் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் வந்து எங்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒங்ககிட்ட ஒரு விசயத்த மறச்சுட்டேன் மக்கா. இப்பச் சொல்லுதேன். எங்க பட்டறையில ஃபிட்டருக்கு ஒரு பரீச்ச. நான் ரெண்டு மட்டம் எழுதி ரெண்டு மட்டமும் தோத்துட்டேன். இப்ப பாஸாயிட்டேன்."

"அப்படியாப்பா?" என்றாள் செல்வி. கண்ணை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தாள்.

"இன்னொண்ணு கேளு. பௌனேங்கிற வார்த்தையே வரல! புதுசா ஒரு ஆபீசர் வந்திருக்காரு, அவருக்கு இந்தியே தெரியல. இங்கிலீஷ்ல 'டூ அண்ட் த்ரீ குவார்ட்டர்'னாரு. எழுதிக் காட்டுங்கன்னேன், காட்டினாரு. ரெண்டே முக்கால்! ஒரு காலத்துல நான் தப்பா வெட்டினனே, அதே துண்டு! அதப் பத்திரமா வச்சிருந்தா இப்ப சும்மா கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்திருக்கலாம்." அவரே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப முக்கியமானதச் சொல்லுதேன். கோவப்படக் கூடாது. இந்த வெளையாட்டு எல்லாம் இருக்குல்லா? தோசை, செம்பு, கல்லுல குதிச்சது… அது ஒங்களுக்காக இல்ல. நான் படிக்கத்தான். ஒங்கள ஏமாத்திட்டேன்."

"எனக்குத் தெ…" என்று ஆரம்பித்த மணியின் வாயிலிருந்து ஒரு முத்து விழுந்தது. செல்வி அவன் தொடையைக் கிள்ளினாள். அவன் மீதி வார்த்தையை முழுங்கிவிட்டான்.

அவர் என் பக்கம் திரும்பினார். நெற்றியைச் சுருக்கி என்னையே பார்த்தார்.

"நீ கண்டுபிடிச்சிருப்பியே எக்ஸ்பிரஸ்?"

எனக்குள் எல்லாம் குதித்துக்கொண்டு வந்தது. குழாயடியில் செல்வி சொன்னது, நெஞ்சுக்குள் வைத்திருந்த அத்தனை விடைகள், நோட்டில் நானே எழுதிக் கொண்டுபோன அத்தனை தப்புகள். நான் துணிகளை எண்ணவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இல்லயே மாமா. நீங்க சொல்லித்தான் தெரியும்."

அவர் தொடையில் ஓங்கித் தட்டினார். "ஏளா, கேட்டியா? எக்ஸ்பிரசுக்கே தெரியலயாம்! இவளுக்கே தெரியலயாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கணக்குப்படி, எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு விடையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.